ஒரே மாவு: ஏழு இட்லி, ஒரு தோசை

ஹைதராபாத் நாச்சாரத்து வாக்காளர் ஒருவர் 2018 டிசம்பருக்கும் 2024 மே மாதத்துக்கும் நடுவில் ஐந்து முறை சாவடிக்குப் போயிருக்கலாம். 2018 டிசம்பர் 7 சட்டப்பேரவை. நாலு மாதம் கழித்து 2019 ஏப்ரல் 11, மக்களவை. 2020 டிசம்பர் 1, மாநகராட்சி. 2023 நவம்பர் 30, திரும்பவும் சட்டப்பேரவை. 2024 மே 13, திரும்பவும் மக்களவை. பட்டதாரியாக இருந்து அதற்கென்று தனியாகப் பெயரும் பதிந்திருந்தால், 2021 மார்ச்சில் சட்ட மேலவைக்கு இன்னொன்று. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் அச்சான அந்த வாக்குச்சீட்டை மடிப்பதே ஒரு வேலை.

"ஆறு மாசம் முன்னாடிதானே போட்டேன்? அந்த ஓட்டு என்னடா ஆச்சு?" என்று 2024 மே மாதம் பக்கத்து வீட்டு மாமி கேட்டார். கையில் மாவுப் பாத்திரம் இருந்தது. அதை வைத்தே பதில் சொல்வதுதான் சுலபமாகப் பட்டது. "நேத்து இதுல இட்லி ஊத்தினேள் மாமி, இன்னிக்கு தோசை வாக்கறேள். மாவு மாறிடுத்தா?"

மாவு நாம்தான், அதாவது வாக்காளர் பட்டியல். நாச்சாரம் உப்பல் சட்டப்பேரவைத் தொகுதியைச் சேர்ந்தது. உப்பல், மல்காஜ்கிரி, மேட்சல், குத்புல்லாபூர், கூகட்பல்லி, எல்.பி. நகர், செகந்திராபாத் கன்டோன்மென்ட் ஆகிய ஏழும் சேர்ந்தது மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதி. சட்டப்பேரவைத் தேர்தல் இட்லித் தட்டு. ஏழு குழி, ஒவ்வொன்றுக்கும் தனி விளிம்பு. உப்பல் குழி மாவு கூகட்பல்லி குழிக்கு வழியாது. மக்களவைத் தேர்தலில் அதே மாவை மொத்தமாகக் கல்லில் ஊற்றித் தேய்க்கிறார்கள். விளிம்பெல்லாம் கலைந்து ஒரே தோசை. ஒரு கட்சி பெரும்பாலான குழிகளில் கொஞ்சம் கொஞ்சம் முந்தியிருக்கலாம், தோசையில் மொத்தக் கணக்கு மட்டும்தான். மாநகராட்சி பணியாரக் கல். 2020 தேர்தலின்போது ஹைதராபாத் முழுவதற்கும் 150 குழி, அதில் நாச்சாரம் ஒன்று. அடுப்பும் வேறு. பேரவைக்கும் மக்களவைக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் தீ மூட்டுகிறது. மாநகராட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையம். மாவை மட்டும் அது புதிதாக அரைப்பதில்லை, பேரவைப் பட்டியலையே எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது.

கரண்டி செய்யும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிப்பவை இரண்டே பொதுத்துறை நிறுவனங்கள். ஒன்று பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ். இன்னொன்று நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஈ.சி.ஐ.எல்., அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் தொடங்கியது. ஒரு பொத்தான் பலகையில் 16 வரி, அதில் ஒன்று நோட்டா. 2019இல் இதே தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சளுக்கும் சோளத்துக்கும் விலை கேட்டு விவசாயிகள் கூட்டமாக மனு தாக்கல் செய்ய, வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆகி, சாவடிக்குச் சாவடி 12 பலகைகளை வரிசையாக இணைத்து வைத்தார்கள்.

இனி இந்த ஏழு குழியும் ஒரு கல்லும் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்க்கலாம். 1999 முதல் 2014 வரை இங்கே பேரவைக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில்தான் ஓட்டு. பேரவைக்கு இளஞ்சிவப்புத் தாள் ஒட்டிய இயந்திரம், மக்களவைக்கு வெள்ளைத் தாள். அந்த ஆண்டு தெலுங்கு தேசமும் பா.ஜ.க.வும் கூட்டணி. ஏழில் ஐந்து அந்தக் கூட்டணிக்கே போனது (உப்பலில் பா.ஜ.க.வின் என்.வி.எஸ்.எஸ். பிரபாகர்). தோசையும் அவர்களுடையதே. தெலுங்கு தேசத்தின் மல்லா ரெட்டி எம்.பி. ஆனார். ஒரே நாள், ஒரே பதம்.

2018இல் நாள் பிரிந்தது. டிசம்பரில் தெலங்கானா ராஷ்டிர சமிதிக்கு ஏழில் ஆறு. ஏப்ரலில் அதே ஏழு தொகுதிகளும் சேர்ந்து காங்கிரஸின் ரேவந்த் ரெட்டியை டெல்லிக்கு அனுப்பின. 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் கொண்ட, நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதியில் வித்தியாசம் 11 ஆயிரத்துக்கும் குறைவு. 2023இல் இன்னும் விசித்திரம். பாரத ராஷ்டிர சமிதி என்று பெயர் மாறியிருந்த அதே கட்சி, மாநிலத்தில் ஆட்சியை இழந்த தேர்தலில், இங்கே மட்டும் ஏழுக்கு ஏழு எடுத்தது. ஐந்தரை மாதம்தான். மே மாதம் பா.ஜ.க.வின் ஈட்டல ராஜேந்தர் 3.9 லட்சம் வாக்குக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏழையும் வென்ற கட்சி மூன்றாம் இடம்.

இது இந்தத் தொகுதியின் கோளாறு என்று ஒதுக்க முடியாது. 2018 டிசம்பரில் தெலங்கானாவின் 119 பேரவை இடங்களில் பா.ஜ.க. வென்றது ஒன்றே ஒன்று. நாலு மாதத்தில் 17 மக்களவை இடங்களில் நான்கு. 2023இல் 39 எம்.எல்.ஏ. பெற்ற பாரத ராஷ்டிர சமிதிக்கு 2024இல் ஒரு எம்.பி.கூட இல்லை.

காரணத்தைப் புளிப்பு என்று சொல்லலாம். மாவை இறக்கி வைத்த பிறகு அது சும்மா இருப்பதில்லை. பேரவைத் தேர்தலில் கேள்வி குடிநீர், மேம்பாலம், பென்ஷன், உள்ளூர் எம்.எல்.ஏ. போன் எடுப்பாரா என்பது. மக்களவையில் கேள்வியே வேறு, டெல்லியில் யார். நடுவில் மாநில ஆட்சி மாறியிருந்தால், தோற்ற கட்சிக்குப் போட்ட ஓட்டு அடுத்த தடவை எங்கே போகலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறது. வெளியே இருக்கும் வெயிலும் ஒரு கை பார்க்கிறது. 2024 மே 13 அன்றுதான் ஆந்திரத்திலும் ஓட்டுப்பதிவு. ஹைதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் ஓட்டு வைத்திருப்பவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு போனார்கள். மல்காஜ்கிரியில் சாவடிக்கு வந்தது ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் ஊற்றினாலும் இரண்டு சுவை வராமல் இல்லை. கன்டோன்மென்ட் எம்.எல்.ஏ. லாஸ்யா நந்திதா 2024 பிப்ரவரியில் சாலை விபத்தில் இறந்துபோக, அங்கே இடைத்தேர்தல் மக்களவையோடு சேர்ந்தே நடந்தது. இடைத்தேர்தலில் காங்கிரஸ். மல்காஜ்கிரி மக்களவை பா.ஜ.க.வுக்கு.

நாள் பிரிவதால் கட்சிகளைவிட அதிகமாகப் பிழைத்தவர்கள் தோற்ற வேட்பாளர்கள். ரேவந்த் ரெட்டி 2018 டிசம்பரில் கோடங்கலில் தோற்றவர். ஏப்ரலில் எங்கள் எம்.பி. 2023இல் கோடங்கலை மீட்டு முதல்வரும் ஆகிவிட்டார். ஈட்டல ராஜேந்தர் 2023 நவம்பரில் ஹுசூராபாத், கஜ்வேல் இரண்டிலும் தோற்றார். மே மாதம் அவரும் எங்கள் எம்.பி. கிஷன் ரெட்டி 2018இல் அம்பர்பேட்டையில் தோற்று 2019இல் செகந்திராபாத் எம்.பி. பண்டி சஞ்சய்க்கு இது இரண்டு தடவை நடந்தது: கரீம்நகர் பேரவையில் 2018இலும் 2023இலும் தோல்வி, அதே ஊரின் மக்களவையில் 2019இலும் 2024இலும் வெற்றி. குழியில் ஒட்டிக்கொண்ட மாவு கல்லில் எழும்பி வருகிறது. ஒரே நாளில் இரண்டும் நடந்திருந்தால் இவர்களில் பலர் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்று கட்சி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தொகுதி நிராகரித்தவருக்கு இன்னொரு கேள்விக்கு விடையாக வாய்ப்புத் தருவதை நான் குற்றமாக நினைக்கவில்லை.

அப்படியானால் எப்போது ஊற்றுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதிகாரம் உண்மையில் இருப்பது அங்கேதான். தெலங்கானா முதல்வராக இருந்த சந்திரசேகர ராவின் முதல் ஆட்சிக்கு 2019 நடுப்பகுதி வரை காலம் இருந்தது. மக்களவையோடு சேர்ந்தால் மோடியா ராகுலா என்ற பேச்சில் தன் மாநிலக் கணக்கு முங்கிவிடும் என்று தெரிந்தவர். 2018 செப்டம்பர் 6 அன்று அமைச்சரவை கூடியது, ஆளுநர் நரசிம்மனிடம் பரிந்துரை போனது, பேரவை கலைந்தது. அன்று மாலைக்குள் 105 வேட்பாளர்களின் பட்டியலையும் வாசித்துவிட்டார். எதிர்க்கட்சிகள் இன்னும் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தன. பலன், 2014இல் 63 இடம், 2018இல் 88.

இந்த வித்தையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாச்சாரத்தில் ராமகிருஷ்ணா ஸ்டுடியோ கட்டிய என்.டி. ராமராவ் காட்டிய வழி அது. 1984 ஆகஸ்ட்டில் ஆளுநர் ராம்லால் அவர் ஆட்சியைக் கலைத்து நாதெண்ட்ல பாஸ்கர ராவை உட்கார வைத்தார். ஒரு மாதத்தில் என்.டி.ஆர். திரும்பி வந்தார். வந்ததும் மிச்சக் காலத்தை ஓட்டிக்கொண்டு இருக்கவில்லை. பேரவையைக் கலைத்து 1985 மார்ச்சில் மக்களிடம் போய் 294க்கு 202 வாங்கினார். மருமகன் சந்திரபாபு நாயுடுவுக்கு அது பலிக்கவில்லை. 2003 அக்டோபரில் அலிபிரி குண்டுவெடிப்பில் உயிர் தப்பிய அனுதாபம் ஆறுவதற்குள் தேர்தல் வேண்டுமென்று நவம்பரில் பேரவையைக் கலைத்தார். ஆனால் அடுப்பு முதல்வர் வீட்டில் இல்லையே. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்காமல் முடியாது என்று தேர்தல் ஆணையம் நின்றது. 2004 ஏப்ரலில், மக்களவையோடு சேர்த்தே தேர்தல். அதற்குள் புளித்துவிட்டது. 180 இடத்திலிருந்து 47.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 1980ஐ நினைவுபடுத்தினால் போதும். ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு 39இல் இரண்டே இடம், சிவகாசியும் கோபிசெட்டிப்பாளையமும். மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று பிப்ரவரியில் டெல்லி அவர் ஆட்சியைக் கலைத்தது. மே மாதப் பேரவைத் தேர்தலில் அதே மக்கள் 234இல் 129 கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தோசை தீய்ந்ததைப் பார்த்து இட்லியும் வேகாது என்று முடிவு கட்டியவர்கள் அவமானப்பட்ட சம்பவம் அது.

அமெரிக்காவில் இந்தச் சாமர்த்தியத்துக்கே இடமில்லை. அங்கே காலண்டரைப் பார்த்து ஊற்றுகிறார்கள். இரட்டைப்படை ஆண்டு, நவம்பர், முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். அதிபருக்கு நாலு ஆண்டு, பிரதிநிதிகள் சபைக்கு இரண்டே ஆண்டு. அதனால் ஒவ்வோர் அதிபரின் பாதி வழியிலும் மக்கள் மறுபடி சாவடிக்கு வருகிறார்கள். வயோமிங் போன்ற சின்ன மாநிலத்தில் அந்த ஒரே சீட்டில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநில ஆளுநர், மாநிலச் செயலாளர், தணிக்கையாளர், கருவூலர், மாநிலச் சட்டமன்றத்தினர் என்று அத்தனையும் இருக்கும், அதிபர் மட்டும் இருக்க மாட்டார். ஆளும் அதிபர் பிடிக்கவில்லை என்றாலும் சீட்டில் அவர் பெயர் கிடையாது, கோபத்தை அவர் கட்சிக்காரர்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மொத்த மக்கள்தொகை 6 லட்சத்துக்கும் கீழே. மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியின் வாக்காளர்கள் மட்டுமே 37 லட்சத்துக்கும் மேல். அந்த மாநிலத்துக்கு வாஷிங்டனில் ஒரு பிரதிநிதியும் இரண்டு செனட்டர்களும் உண்டு. எங்களுக்கு ஒரு எம்.பி.

பணியாரத்தை மறந்துவிடக் கூடாது. அது எப்போதும் கடைசி நாள் மாவு, வெங்காயமும் மிளகாயும் அப்போதைய கோபத்தைப் பொறுத்தது. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தை வெள்ளம் மூழ்கடித்தது. டிசம்பரில் மாநகராட்சித் தேர்தல், கொரோனா காரணமாகக் காகிதச் சீட்டில். 2016இல் 99 வார்டு வைத்திருந்த ஆளும் கட்சி 56க்கு இறங்கியது. நாலு வார்டு வைத்திருந்த பா.ஜ.க. 48க்கு ஏறியது. நகரம் முழுவதும் காங்கிரஸுக்குக் கிடைத்த இரண்டே வார்டுகளில் ஒன்று நாச்சாரத்தை அடுத்துள்ள உப்பல்.

இப்போது இந்தச் சமையலையே மாற்றி, மக்களவைக்கும் பேரவைகளுக்கும் ஒரே நேரத்தில் ஊற்ற ஒரு மசோதா இருக்கிறது. ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் 18,626 பக்க அறிக்கை கொடுத்தது. அதையொட்டி அரசமைப்புச் சட்டத்தின் 129ஆவது திருத்த மசோதா அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானது, 269 பேர் ஆதரவு, 198 பேர் எதிர்ப்பு. பிறகு கூட்டுக்குழுவுக்குப் போனது. நிறைவேற வேண்டுமானால் அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அறிமுக நாளில் அந்த எண்ணிக்கை இல்லை. மாநகராட்சி இந்த மசோதாவில் சேரவில்லை, பணியாரக் கல் தனியேதான்.

மசோதாவின் காரமான பகுதி இடைக்காலத் தேர்தலைப் பற்றியது. இன்று பேரவையைக் கலைத்து மக்களிடம் போகும் முதல்வருக்குப் புதிதாக ஐந்து ஆண்டு கிடைக்கிறது. சந்திரசேகர ராவுக்கும் என்.டி.ஆருக்கும் லாபம் அதுதான். மசோதாப்படி, நடுவில் கலைந்தால் புதிதாக வரும் பேரவைக்கு மிச்சம் இருக்கும் காலம் மட்டுமே. புது மாவு அரைக்க அனுமதி இல்லை, பாத்திரத்தின் அடியில் கிடப்பதை வழித்து ஊற்றிக்கொள்ள வேண்டும். யாரும் அவசரப்பட்டுக் கலைக்க மாட்டார்கள் என்பது ஆதரவாளர்களின் வாதம். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆட்சி கவிழ்ந்த மாநிலத்து மக்கள் எட்டு மாத அரசுக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதற்கு அவர்களிடம் நல்ல பதில் இல்லை.

மசோதா இதே வடிவில் சட்டமாகி, எல்லாம் காலப்படி நடப்பதாக வைத்துக்கொண்டால் நாச்சாரத்துக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு மாமியிடம் சொன்னேன். இப்போதைய பேரவைக்கு 2028 டிசம்பர் வரை காலம், மக்களவைக்கு 2029 ஜூன் வரை. 2029இல் புது மக்களவை கூடும் நாளை அரசு தொடக்க நாளாக அறிவித்தால், அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்படும் எல்லாப் பேரவைகளும் அந்த மக்களவையோடு 2034இல் முடியும். 2028 கடைசியில் நாம் தேர்ந்தெடுப்பது அதற்கு முந்தியது, அதனால் 2033 கடைசி வரை ஓடும். பிறகு ஒரு பேரவைத் தேர்தல். அப்போது வரும் எம்.எல்.ஏ.வுக்கு ஆயுள் சுமார் ஆறு மாதம், தேர்தல் ஆணையம் தள்ளிப்போடப் பரிந்துரை செய்தால் தவிர.

"ஆறு மாசத்துக்கு எவன்டா நிப்பான்?" என்றார் மாமி.

டெபாசிட் கட்ட ஆள் கிடைப்பார்கள் மாமி, நிஜாமாபாத்தில் 185 பேர் கிடைத்தார்களே என்றேன்.