சூடானால் நிற்கும் கார்



எங்க வீட்டில் ஒரு அம்பாசிடர் கார் இருக்கிறது. வெள்ளை கலர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. தாத்தா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிய காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இங்கிலாந்தில் இருந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் அச்சில்தான் அம்பாசிடரைச் செய்தார்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்து, 2014 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு மூன்று வயது.

எங்க காருக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் நன்றாக ஓடும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நின்றுவிடும். எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது. இன்னும் அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்!

ஒருநாள் ராத்திரி தாத்தாவைக் கண் டாக்டரிடம் காட்ட ஓசூர் போகும்போது, குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயில் நடு ரோட்டில் நின்றுவிட்டது. பின்னாடி வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற மாதிரி போனது. தாத்தாவுக்குச் சரியாகக் கண் தெரியாததால், என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனிமே இந்த வண்டியில உங்கள ஏத்த மாட்டேன். பழைய இரும்புக்குப் போட்ரலாம்" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அதற்கு முன்பே ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றி 4000 ரூபாய் வாங்கியிருந்தார். சரியாகவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் கடைக்குப் போவதற்குள் வண்டி ஆறிவிடும். காய்ச்சல் விட்ட பிறகு டாக்டரிடம் போனால் தெர்மாமீட்டரில் என்ன தெரியும்? வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே, சூட்டோடு பார்த்தால்தான் உண்டு என்று தாத்தா சொன்னார்.

பெட்ரோல் எஞ்சின் ஓட இரண்டு முக்கியம்: பெட்ரோல் வரணும், ஸ்பார்க் வரணும். திடீரென்று நின்றால் இதில் ஒன்று வரவில்லை என்று அர்த்தம்.

எல்லாரும் சொன்னது "பெட்ரோல் ஆவியாகுது, ஏர் லாக்". அது பொய்யும் இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசான பகுதி சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அம்பாசிடரில் பம்ப் எஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். குழாயில் ஆவிக் குமிழி நிறைந்துவிட்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கும், பெட்ரோல் நகராது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் சேர்ந்தால் பெட்ரோல் ஆவியாவது கூடும், பழைய ரப்பர் குழாய்களும் கெடும். அதனால் பழைய கார்க்காரர்கள் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவார்கள். பம்ப் மேல் ஈரத்துணி போடுவது ரொம்ப நாள் வைத்தியம்.

நாங்களும் போட்டோம். ஸ்டார்ட் ஆச்சு! அப்பா, "பாத்தியா, ஏர் லாக்தான்" என்றார். எனக்கு ஒரு சந்தேகம். துணி நனைத்து, போட்டு, காத்திருந்து பார்க்கவே அரை மணி ஆகிவிட்டது. அரை மணி சும்மா இருந்தாலே ஸ்டார்ட் ஆகிற வண்டி ஆயிற்றே! துணி வேலை செய்ததா, நேரம் வேலை செய்ததா? அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றணும் என்று எங்க மிஸ் சொல்வார்கள். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "பாப்பா சொல்றது சரி. ஒரு தடவ சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் இரும்புக்குப் போடு" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமை வரை டைம் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஹைவேக்குப் போகாமல், ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினோம். நான் நோட்டில் மணி எழுதினேன். 34ஆவது நிமிடம் நின்றது. எப்படி நின்றது என்பதே முதல் தடயம். பெட்ரோல் குறைந்தால் வண்டி இருமும், இழுக்காது, விக்கி விக்கி நிற்கும். எங்க வண்டி சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றது.

இரண்டாவது, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும், காற்று போக இன்னொரு ஓட்டை வேண்டும். டேங்க்கும் அப்படித்தான். காற்று போகும் ஓட்டை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். உஸ் வரவில்லை. அதுவும் இல்லை.

மூன்றாவது ஸ்பார்க். (இதை நீங்கள் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் வரும், பக்கத்தில் பெட்ரோலும் இருக்கிறது. பெரியவர்கள் செய்யணும்.) அப்பா ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துக் கட்டினார். நான் தள்ளி நின்றேன். செல்ஃப் அடித்தபோது ஸ்பார்க் வரவே இல்லை. காலையில் கிளம்பும்போது இதே பிளக்கில் நீல நிறமாகப் பளிச்சென்று வந்திருந்தது.

அப்போ குற்றவாளி பெட்ரோல் இல்லை. ஸ்பார்க்கை உண்டாக்குவது இக்னிஷன் காயில். சின்ன சோடா டின் மாதிரி இருக்கும். உள்ளே இரும்பைச் சுற்றி இரண்டு செம்புக் கம்பிச் சுருள்: ஒன்றில் சில நூறு சுற்று, இன்னொன்றில் பல ஆயிரம் சுற்று. பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுருளில் ஓடிக்கொண்டிருக்கும்போது பாயிண்ட் அதைப் பட்டென்று துண்டிக்கும். காந்தப்புலம் சரியும், இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கும். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் இந்த வேலை நடக்கணும். உள்ளே கம்பிக்கு நடுவில் இருக்கும் காப்பு பலவீனமாகிவிட்டால், சூடு ஏறும்போது மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் பழையபடி வேலை செய்யும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கண்டென்சர் கெட்டாலும் இதே மாதிரி ஆகும். அதனால் துணியை இந்தத் தடவை பம்ப் மேல் போடாமல், சுவிட்சை அணைத்துவிட்டு காயில் மேல் மட்டும் போட்டோம். காயிலைத் தொட்டால் இட்லிப் பானை மூடி மாதிரி கை வைக்க முடியவில்லை. ஆறு நிமிடத்தில் ஸ்பார்க் வந்தது. பிளக்கை மாட்டினோம், வண்டி கிளம்பியது. பம்ப் அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது!

ஏன் அவ்வளவு சூடு? பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மாமாவின் மீட்டரில் காயிலின் முதல் சுருளை அளந்தோம். 1.5 ஓம். எங்க வண்டிக்கு வேண்டியது சுமார் 3 ஓம். 1.5 ஓம் காயிலை வெளியே தனியாக ஒரு மின்தடை வைத்துத்தான் மாட்டணும். எங்க வண்டியில் அது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். நம்ம ஓம் விதிப்படி கணக்குப் போட்டேன். 12ஐ 3 ஆல் வகுத்தால் 4 ஆம்பியர், அதாவது 48 வாட். 12ஐ 1.5 ஆல் வகுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். பாயிண்ட் மூடியிருக்கும் நேரமெல்லாம் இரண்டு மடங்கு சூடு. காயில் வெந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. (பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தால் நான் கண்டிப்பாகத் தப்பு விட மாட்டேன்.)

கிருஷ்ணகிரியில் 3 ஓம் காயில் வாங்கி மாட்டினோம். கார்புரேட்டருக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை. அப்பா உடனே நம்பவில்லை. தாத்தாவை ஏற்றாமல் தனியாக இரண்டு தடவை ஓசூர் போய் வந்தார். மூன்றாவது தடவைதான் நாங்கள் மூன்று பேரும் போனோம். குருபரப்பள்ளி வந்ததும் அப்பா ஓரமாக மெதுவாக ஓட்டினார். யாரும் பேசவில்லை. சூளகிரி தாண்டிய பிறகு தாத்தா, "எந்த ஊரு வந்திருக்கோம்?" என்று கேட்டார்.

பழைய காயில் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே எண்ணெய் இருக்குமாம். மிஸ் வரும் வெள்ளிக்கிழமை அறிவியல் பீரியடில் அறுத்துக் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் பழைய பேப்பர் கொண்டு வாருங்கள், கீழே விரிக்க வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி