அபியோலா இரேலேயும் பிரெஞ்சுமொழி ஆபிரிக்க இலக்கியமும்

ஆபிரிக்க இலக்கியம் என்றதும் எம் வாசகர் நினைவுகொள்ளும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியோருடையவை: சினுவா அச்சிபே, வோலே சொயிங்கா, கூகி வா தியாங்கோ. பிரெஞ்சில் எழுதிய செங்கோரும் செசயரும் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே எம்மை எட்டினர். குடியேற்ற ஆட்சி வகுத்த இம்மொழியெல்லை ஆபிரிக்காவின் உள்ளேயும் இவ்வாறே செயற்பட்டது. நைஜீரியாவைச் சூழவுள்ள பெனின், நைஜர், சாட், கமரூன் ஆகிய நாடுகளில் எழுந்த நவீன இலக்கியத்தின் பெரும்பகுதியை ஒரு நைஜீரிய மாணவன் மூலத்திற் படிக்கவேண்டுமாயின் பிரெஞ்சு கற்றாகவேண்டும். அயலவனை அறிவதற்கு மற்றுமோர் ஆதிக்கமொழி தேவைப்பட்டது. இம்முரண்பாட்டின் நடுவே நின்று கற்பித்தவர் இபாடான் பல்கலைக்கழகத்துப் பிரெஞ்சுப் பேராசிரியர் அபியோலா இரேலே (1936-2017).

இபாடானிற் பட்டம்பெற்ற இரேலே, செசயரின் கவிதையைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்து 1966இல் பாரிசிற் கலாநிதியானார். அவரது ஆய்வும் கற்பித்தலும் ஒன்றிலிருந்தொன்று பிரிக்கவொண்ணாதவை என்பதற்கு அவர் பதிப்பித்த நூல்களே சான்று. 1977இல் செங்கோரின் தேர்ந்த கவிதைகளைப் பிரெஞ்சு மூலத்தோடு, ஆங்கில முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்து வெளியிட்டார். 1994இல் செசயரின் ‘தாய்நாடு திரும்புதல் பற்றிய குறிப்பேடு’ எனும் நெடுங்கவிதைக்கு விரிவான உரை கண்டார். 1939இல் முதல்வடிவம் பெற்று 1956இல் நிலைத்த இக்கவிதை, பிரெஞ்சு நன்கறிந்தோரையும் திகைக்கவைப்பது. மார்ட்டினிக் தீவின் செடிகொடிப் பெயர்கள், மருத்துவக் கலைச்சொற்கள், கவிஞரே ஆக்கிக்கொண்ட புதுச்சொற்கள் யாவும் அதில் விரவிக்கிடக்கின்றன. இறுதிச் சொல்லே சாதாரண அகராதிகளிற் காணக்கிடையாதது. பெருக்குதல் எனும் பொருளுடைய லத்தீன் வினையடியாகப் பிறந்தது. இத்தகைய நூலுக்கு உரையெழுதுதல் சொற்பொருள் கூறுவதோடு முடிவதன்று. கரும்புத் தோட்டங்களின் அடிமை வரலாற்றை அறியாதவனுக்கு அக்கவிதையின் சீற்றம் வெறும் சொல்லாரவாரமாகவே தோன்றும். (எமது பழைய உரையாசிரியர்களின் பணியை அற்பமாக எண்ணும் நவீன விமர்சகர் இதனைக் கவனித்தல் நன்று.)

செசயரும் செங்கோரும் முன்வைத்த ‘நெக்ரித்தியூட்’ எனும் கறுப்பின உணர்வுக் கோட்பாட்டை ஆங்கிலவழி ஆபிரிக்க எழுத்தாளர் பலர் ஏளனஞ் செய்தனர். சொயிங்காவின் எள்ளல் பிரசித்தமானது. இரேலே அதனை எள்ளவுமில்லை, வழிபடவுமில்லை. பிரெஞ்சு ஆட்சியின் கலாசார ஒருமயமாக்கற் கொள்கைக்கு எதிராக முகிழ்த்த பண்பாட்டுத் தேசியவாதமாக அதனை விளக்கினார். அதேவேளை, ஆபிரிக்க மெய்யியல் பற்றி போலின் ஹூன்டோன்ஜி எழுதிய கடுமையான விமர்சன நூலின் 1983ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே.

1982இல் இபாடானில் அவர் நிகழ்த்திய தொடக்கப் பேருரையின் தலைப்பு ‘அந்நியமாதலைப் போற்றி’ என்பது. பழமைக்கு மீளுதல் இயலாது, மேலைத்தேய அறிவியலைத் துணிந்து தமதாக்குதல் வேண்டும், அவ்வகையில் அந்நியமாதலும் ஆக்கசக்தியாகலாம் என்று அதில் வாதிட்டார். தூய மரபு பேசுவோருக்கு இது தக்க பதில். ஆயினும் அந்நியமாதலின் பயனை எவ்வர்க்கம் பெற்றது? பட்டதாரி இழந்தது கிராமத்தையெனின் அதற்கீடாக உலகொன்றைப் பெற்றான். நிலமிழந்த விவசாயி பெற்றது யாது? இவ்வினாவுக்கு அவ்வுரையில் போதிய விடையில்லை என்பதே எமது கருத்து.

‘பிராங்கோபோன்’ எனும் பெயரே இன்று ஐயத்துக்குள்ளாகியுள்ளது. பிரான்சில் பிறந்தவர் எழுதின் பிரெஞ்சு இலக்கியம், செனகலில் பிறந்தவர் எழுதின் ‘பிராங்கோபோன்’ என்ற பாகுபாட்டை எதிர்த்து, 2007இல் 44 எழுத்தாளர் ‘ல மோந்த்’ பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டனர். மரிஸ் கொண்டே, எதுவார் கிளிசான் ஆகியோர் அவருட் சிலர். இரேலே சைமன் கிக்காண்டியுடன் இணைந்து பதிப்பித்த கேம்பிரிட்ஜ் ஆபிரிக்க, கரிபிய இலக்கிய வரலாறு அதற்கு முன்னரே, 2004இல் வெளிவந்தது. அதன் இரு தொகுதிகளிலும் வாய்மொழி மரபு, அரபு, சுவாகிலி, ஆங்கிலம், பிரெஞ்சு என்பன ஒரே வரலாற்றின் அத்தியாயங்களாக அமைந்துள்ளன.