காரில் போவதென்றால் மோட்டல் அறையை முதலில் போடுங்கள்

பள்ளி விடுமுறைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். பிரிஸ்பேனில் மச்சான் வீடு, சிட்னியில் சித்தி வீடு, அடிலெய்டில் காலேஜ் நண்பன். பிளைட்டா, காரா? ஐந்து பேருக்கான டிக்கெட் விலையைப் பார்த்ததும், "பேசாம கார்லயே போயிரலாம்ப்பா" என்று யாராவது சொல்வார். முடிவாகிவிடும்.

கடந்த ஏப்ரல் விடுமுறையில் நாங்களும் பிரிஸ்பேனுக்குக் காரில்தான் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா. கடற்கரைப் பக்கம் போகாமல், உள்நாட்டில் ஓடும் நியூவெல் நெடுஞ்சாலை வழியாக, ஏறக்குறைய 1,700 கி.மீ. போக நான்கு நாள், வர நான்கு நாள். மறுபடியும் போகச் சொன்னாலும் காரில்தான் போவேன். ஆனால் நம்மவர்கள் காரைத் தேர்ந்தெடுக்கும் காரணமும், அதற்குத் திட்டம் போடும் விதமும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காசு மிச்சமாகிறதா?

ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். போக வர 3,400 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் என்றால் 272 லிட்டர். லிட்டர் 2 டாலர் என்று வைத்தால் 544 டாலர். விமானத்தில் ஆளுக்குப் போக வர 400 டாலர் என்றாலும் ஐந்து பேருக்கு 2,000. அங்கே போய் வாடகைக் கார் வேறு. இந்த இடத்திலேயே எல்லோரும் கால்குலேட்டரை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் கார் வெறும் பெட்ரோலில் மட்டும் ஓடுவதில்லை. வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுபவர்களுக்கு ஆஸ்திரேலிய வரித்துறை 2024-25 நிதியாண்டில் அனுமதித்த கழிவு, கிலோமீட்டருக்கு 88 சென்ட். பெட்ரோல், சர்வீஸ், ரிப்பேர், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் 3,400 கி.மீ.க்கு 2,992 டாலர். ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் கார் வீட்டில் நின்றாலும் கட்டத்தான் போகிறோம், உண்மைதான். அதைக் கழித்தாலும் டயர் தேய்வதும், சர்வீஸ் தேதி முன்னால் வருவதும், விற்கும்போது விலை குறைவதும் நிஜமான செலவுகள். அதோடு ஒரு இரவுக்கு 200 டாலர் என்று ஆறு இரவு மோட்டல் வாடகை 1,200.

ஆக, கார் பயணம் அப்படி ஒன்றும் மலிவில்லை. ஒருவரோ இருவரோ போவதானால் விமானமே லாபம். காரில்தான் காசு மிச்சம் என்று தீர்மானித்தவர்கள், அந்தக் கணக்கை ஜெயிக்க வைக்க முதலில் வெட்டுவது மோட்டல் செலவைத்தான். வெட்டவே கூடாத செலவும் அதுதான்.

மேப்புக்குத் தூக்கம் வராது

"வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் கிளம்பிருவோம். பிள்ளைங்க பின்னாடி தூங்கிருவாங்க, டிராஃபிக்கும் இருக்காது. காலைல பாதி தூரம் தாண்டிரலாம்." இதைப் பெருமையாகச் சொல்லாத தமிழ் நண்பர் எனக்குக் குறைவு.

மேப் இந்த வழிக்குப் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம் என்று காட்டும். அது காரின் நேரம். மனிதனுக்கு வேறு கணக்கு இருக்கிறது. காலை 6 மணிக்கு எழுந்து, நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து, இரவு 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள். 11 மணிக்கு எல்லையைத் தாண்டி ஜெரில்டெரி பக்கம் இருப்பீர்கள். விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் தூங்காத உடம்பு, ரத்தத்தில் 0.05 அளவு ஆல்கஹால் இருக்கும் உடம்பைப் போலத்தான் இயங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கே குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிக்கும் எல்லைக்கோடும் அதே 0.05தான். ஒரு பியர் குடித்தால் சாவியைத் தொடாத நம்மாள், இந்த நிலையில் பெற்ற பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்.

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 30 மீட்டர் போகும். நான்கு நொடி கண் செருகினால் 120 மீட்டரை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். கங்காரு அதிகம் ரோட்டுக்கு வருவதும் அந்தி, இரவு, விடிகாலையில்தான்.

லாரியை முந்துவதும் அப்படித்தான். நியூவெல்லில் 36.5 மீட்டர் வரை நீளமுள்ள ரோடு டிரெயின்கள் ஓடுகின்றன. அது 90-லும் நீங்கள் 110-லும் போனால், முன்னும் பின்னும் இடைவெளி விட்டு முந்தி முடிக்க 18 நொடியாவது ஆகும். அதற்குள் எதிர்த்தடத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள். எதிரில் வரும் வண்டியும் அதே தூரம் நெருங்கியிருக்கும். முந்துவதற்கென்றே கூடுதல் தடம் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை பின்னாலேயே போனால் குறைந்துபோவது ஐந்து நிமிடம்.

எங்கள் விதி எளிமையானது. பகலில் மட்டும் ஓட்டுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் இறங்கி நடப்பது. முதல் இரவு வெஸ்ட் வயலாங், அடுத்து டப்போ, பிறகு மொரீ. கிளம்பும் முன்பே மூன்று அறைகளுக்கும் பணம் கட்டியாயிற்று. கட்டிய பணம் வீணாகும் என்ற நினைப்பு இருந்தால், "இன்னும் கொஞ்ச தூரம் போயிரலாமே" என்ற ஆசை தானாக அடங்கிவிடும்.

இரண்டாவது டிரைவர்

நம் வீடுகளில் பெண்களிடம் லைசென்ஸ் இருக்கிறது. பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் நீச்சலுக்குக் கூட்டிப்போவதும் அவர்கள்தான். ஆனால் ஹைவே என்றால், "அவ சிட்டிக்குள்ள நல்லா ஓட்டுவா, இது வேணாம்" என்று ஸ்டியரிங்கை யாரும் விடுவதில்லை. 1,700 கி.மீ. ஒரே ஆள் ஓட்டுவதில் என்ன வீரம்? நாங்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்டிகோ, பாலரட் என்று போய்வந்தோம். மனைவிதான் ஓட்டினார். பயணத்தில் சரிபாதி அவர் கையில். டப்போ தாண்டி நான் நன்றாகத் தூங்கினேன்.

விமானத்தில் தெரியாதது

மெல்பர்னிலிருந்து பிரிஸ்பேன் இரண்டே கால் மணி நேரப் பறப்பு. ஜன்னலில் மேகம் தெரியும். இந்த நாட்டில் பத்து வருடம் இருந்தும் நமக்குத் தெரிந்தது இரண்டு ஏர்போர்ட்டும் நான்கு புறநகரும்தான்.

பார்க்ஸ் ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் 64 மீட்டர் அகலத் தொலைநோக்கி நிற்கிறது. 1969-ல் நிலவில் மனிதன் நடந்த காட்சியை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு அதனுடையது. விராஜுரி மக்களின் மொழியில் அதற்கு முரியாங் என்று பெயர்.

நாராப்ரை தாண்டியதும் மண் கறுத்தது. இருபுறமும் பருத்தி. அறுவடைக் காலம் என்பதால் ரோட்டோரமெல்லாம் பஞ்சு பறந்து ஒட்டியிருந்தது. அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எய்யா, நம்ம கரிசக்காடு மாதிரில்லா இருக்கு!" வண்டியை நிறுத்தி ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இங்கு வந்து மூன்று மாதத்தில் அவர் முதல்முறையாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது அன்றுதான். பருத்தி எப்போது விதைப்பது, காய் எப்போது வெடிக்கும், கூலிக்கு எடுப்பவர்கள் மடியில் எப்படிக் கட்டிக்கொள்வார்கள் என்று மொரீ வரை பேசிக்கொண்டே வந்தார்.

மொரீயில் நிலத்தடியிலிருந்து வெந்நீர் வருகிறது. ஊர்ப் பொதுக்குளத்தில் முழங்கால் வலிக்கு இதமாக அம்மா இறங்கி உட்கார்ந்தார். அந்த ஊர்க் குளத்தில்தான் ஒரு காலத்தில் பழங்குடி மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1965-ல் சார்லஸ் பெர்கின்ஸும் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களும் பஸ்ஸில் வந்து போராடினார்கள். இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "அப்போ பாட்டியை உள்ளே விட்டிருப்பாங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று இரவு முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். இங்கேயே பிறந்த பிள்ளைகள் தங்கள் நாட்டைத் தெரிந்துகொள்வது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

கிளம்பும் முன்

ஸ்பேர் டயர் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கார்கள் பலவற்றில் பஞ்சர் கிட் மட்டும்தான் வருகிறது. மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது. மழைக்காலத்தில் கிளம்பும் நாள் காலையிலும் ரோடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2022 வெள்ளத்தில் ஃபோர்ப்ஸ் ஊரின் பல பகுதிகள் மூழ்கின. பெரியவர்களின் மாத்திரை டிக்கியில் வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். முதல் நாளுக்குப் புளிச்சாதமும் பொடி தடவிய இட்லியும் போதும்.

கோயிலில் பூஜை போட்டு நான்கு டயருக்கும் எலுமிச்சை வைப்பது நம் வழக்கம். தாராளமாக வையுங்கள். அதற்கு முன்பு அந்த மூன்று இரவுக்கும் அறை போட்டுவிடுங்கள். அந்தக் காசு கையில் இல்லையென்றால் இந்த விடுமுறைக்கு வீட்டிலேயே இருக்கலாம். மச்சான் கோபித்துக்கொள்ள மாட்டார்.