கண்ணுக்கும் மூச்சு முட்டும்!

சோடாபுட்டியைக் கடாசிவிட்டு கான்டாக்ட் லென்ஸுக்கு மாறிய ஆசாமி ஒருத்தராவது உங்க ஆபீஸில் இருப்பார். "ராத்திரி கழட்டிட்டுத்தானே தூங்குவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப வர்ற லென்ஸுல அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாஸ்!" என்பார்.

பாதி உண்மை.

'கார்னியா' என்கிற கருவிழியில் ரத்தக்குழாயே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். அதனால் ஆக்ஸிஜனைக் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடித் தூங்கும்போது அந்த சப்ளை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியும் போட்டால் கருவிழி பாவம், வீங்காமல் என்ன செய்யும்?

மெத்து லென்ஸைக் கண்டுபிடித்தவர் செக்கோஸ்லோவாகியாவின் ரசாயன விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டு மேஜையில், குழந்தைகள் பூட்டி விளையாடும் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்தே ஒரு சுழலும் மெஷின் செய்து லென்ஸ் வார்த்துவிட்டார். (நம்ம வீட்டு டைனிங் டேபிளில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி!) 'ஹீமா' என்ற அந்த பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும். ஆக்ஸிஜன் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் நீந்திப் போகணும். லென்ஸில் தண்ணீரோ சுமார் 38 சதவிகிதம். பகலுக்குச் சமாளிக்கலாம், தூக்கத்துக்குப் பத்தாது.

சிலிக்கோனில் ஆக்ஸிஜன் சர்ரென்று போகும். ஆனால் சிலிக்கோனுக்கும் தண்ணீருக்கும் மாமியார்-மருமகள் உறவு! சுத்த சிலிக்கோன் லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஹீமா மாதிரி சரக்கோடு கலந்தால் பாலாய்க் கலங்கியது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய லென்ஸ் மோர் மாதிரி இருந்தால் யார் வாங்குவது? ஒரு முனை சிலிக்கோனோடும் மறுமுனை தண்ணீரோடும் ஒத்துப்போகிற தரகர் மூலக்கூறுகளைச் செய்து, இரண்டையும் சமாதானப்படுத்தி, 1999 வாக்கில் 'சிலிக்கோன் ஹைட்ரோஜெல்' லென்ஸைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 'நைட் அண்ட் டே' என்ற ரகத்தில் ஆக்ஸிஜன் ஹீமாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சுலபமாகப் போகும். 2001-ல் அமெரிக்க அரசு அதை முப்பது நாள் கழட்டாமல் போட்டுக்கொள்ள அனுமதியே கொடுத்தது.

மூச்சுத் திணறல் தீர்ந்தது. கிருமி தீரவில்லை. தூக்கத்தில் கண்ணீர் ஓட்டம் குறைவதால், லென்ஸுக்கு அடியில் மாட்டியது அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வைப் பாருங்கள்: பகலில் மட்டும் மெத்து லென்ஸ் போட்டவர்களில் வருஷத்துக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பேருக்குக் கருவிழித் தொற்று. பழைய மெத்து லென்ஸோடு தூங்கியவர்களில் சுமார் 20 பேர். புது சிலிக்கோன் சரக்கோடு தூங்கியவர்களில்? சுமார் 25.