மார்ஷல் திட்டமும் உழவு நெசவு உறவும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னர், 1946-ஆம் ஆண்டு இறுதியில், ஜெர்மானிய நகரங்களிலிருந்து கிராமங்களுக்குச் சென்ற ரயில் வண்டிகளில் மக்கள் மூட்டைகளோடு தொங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது மூட்டைகளில் படுக்கை விரிப்புகளும், கடிகாரங்களும், மூதாதையர் சேர்த்து வைத்த நகைகளும் இருந்தன. திரும்பும்போது அவற்றில் உருளைக்கிழங்கு இருந்தது. நாணயம் என்ற பெயரில் அரசாங்கம் அச்சிட்ட காகிதத்தை உழவர் பெற மறுத்தனர். சந்தையில் சிகரெட்டே நாணயமாக நடமாடிற்று.

உழவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது நகரத்தாருக்கு எளிது. ஆனால் அந்த உழவரின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். தானியத்தை விற்றால் பணம் வரும். அந்தப் பணத்தைக் கொண்டு வேட்டி வாங்க முடியுமா, மண்வெட்டி வாங்க முடியுமா, உரம் வாங்க முடியுமா? ஒன்றும் முடியாது. ஆலைகளில் நிலக்கரி இல்லை, பஞ்சு இல்லை, தறிகள் நின்றுவிட்டன. ஆகவே உழவர் தானியத்தைத் தம் மாட்டுக்கே தீனியாக இட்டார். விளைநிலத்தை மேய்ச்சலுக்கு விட்டார். நகரத்தில் பசி மிகுந்தது. பசித்த தொழிலாளியால் நிலக்கரி வெட்ட முடியவில்லை. நிலக்கரி இன்மையால் ஆலை மீண்டும் நின்றது. இந்தச் சுழலில் சிக்கியது ஜெர்மனி மட்டுமன்று. யுத்தத்தில் வென்ற பிரிட்டனிலேயே, யுத்த காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 ஜூலையில் தொடங்கி 1948 ஜூலை வரை நீடித்தது.

1947-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜார்ஜ் மார்ஷல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் ஆற்றிய சிற்றுரையின் நடுநாயகமான கருத்து இதுவே. அவ்வுரையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் டாலர்களையே நினைவுகூர்கிறார்கள். ஆனால் அவர் விளக்கியது, உழவர் உணவு விளைத்து நகரத்தார் செய்த பண்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அற்றுப் போகிறது என்பதையும், நாகரிக வாழ்வின் அடிப்படையே அந்த ஏற்பாடுதான் என்பதையும் ஆகும். நிலத்திலும் தறியிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மார்ஷலுக்கு இக்கருத்தை வற்புறுத்தியவர்களில் ஒருவர் அவருடைய இலாகாவிலிருந்த வில்லியம் கிளேட்டன். இவர் யார் எனின், உலகின் மிகப் பெரிய பருத்தி வணிக நிறுவனங்களில் ஒன்றை 1904-இல் உடன் சேர்ந்து நிறுவியவர். 1947 வசந்த காலத்தில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அவர், கட்டடங்கள் இடிந்ததை எல்லாரும் கண்டார்கள், ஆனால் கொடுக்கல் வாங்கல் இடிந்ததை நாம் சரியாக மதிப்பிடவில்லை என்ற பொருள்படக் குறிப்பு எழுதினார். பஞ்சுப் பொதி எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வாழ்நாள் முழுதும் கவனித்தவருக்கு இது புலப்பட்டதில் வியப்பில்லை. அமெரிக்கப் பருத்திக்குச் சந்தை வேண்டும் என்பதையும் அவர் மறந்திருக்க மாட்டார்.

உதவி அதற்கு முன்னும் வந்தது. 1943-இல் அமைந்த ஐக்கிய நாடுகள் நிவாரண நிர்வாகம் உணவும் மருந்தும் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தது. எனினும் நிவாரணம் பசியை ஆற்றுமேயன்றி நின்ற தறியை ஓட்டாது. புதிய திட்டத்தில் மார்ஷல் வைத்த நிபந்தனை வேறு வகையானது. ஒவ்வொரு நாடும் தனித்தனியே வந்து கையேந்தக் கூடாது. எல்லாரும் ஒன்றுகூடி, தமக்கு எவ்வளவு தேவை, தம்மால் எவ்வளவு செய்துகொள்ள இயலும் என்பதைத் தாமே கணக்கிட்டு வர வேண்டும் என்றார்.

1947 ஜூலையில் பதினாறு நாடுகள் பாரிஸ் நகரில் கூடின. சோவியத் மந்திரி மாலடாவ் முன்னதாக நடந்த பேச்சுக்கு வந்து, ஒவ்வொரு நாட்டின் கணக்கையும் பிறர் ஆராய்வதை ஒப்பாமல் வெளியேறினார். செக்கோஸ்லோவாகியா முதலில் அழைப்பை ஏற்று, மாஸ்கோவின் நெருக்கத்தால் பின்வாங்கிற்று. ஐரோப்பா இரண்டாகப் பிளந்ததில் இந்தத் திட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கலாகாது. 1948 ஏப்ரல் 3-ஆம் நாள் அதிபர் ட்ரூமன் சட்டத்தில் கையொப்பமிட்டார். அம்மாதமே கோதுமை ஏற்றிய கப்பல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வஸ்டன் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் போர்டோவுக்குப் புறப்பட்டது.

1952 வரை சென்ற தொகை சுமார் 1,300 கோடி டாலர், பெரும்பகுதி மான்யம். பிரிட்டன் சுமார் 320 கோடியும், பிரான்ஸ் 270 கோடியும், இத்தாலி 150 கோடியும், மேற்கு ஜெர்மனி 140 கோடியும் பெற்றன.

இந்தத் தொகையைப் பங்கிட்டது எப்படி என்பது சுவையான செய்தி. அமெரிக்கர் அந்தப் பொறுப்பைத் தாம் ஏற்காமல், பெறுவோர் சேர்ந்து அமைத்த ஐரோப்பியப் பொருளாதார ஒத்துழைப்பு நிறுவனத்தையே பங்கிடச் சொன்னார்கள். 1948 கோடையில் பெரும் சச்சரவு மூண்டது. ஒவ்வொரு நாடும் தன் தேவையைப் பெருக்கிக் காட்டியது. இறுதியில் நால்வர் குழு ஒன்று ஒதுங்கியிருந்து பங்கை வகுத்தது. முணுமுணுப்போடு மற்றவர் ஏற்றனர். நூல் தட்டுப்பாட்டுக் காலத்தில் சங்க உறுப்பினருக்கு நூல் பங்கிட்ட நிர்வாகிகளை அந்த நால்வரோடு ஓர் அறையில் உட்கார வைத்திருந்தால், இரு சாராரும் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டிருப்பர்.

இனித் திட்டத்தின் உட்பொறியைக் காண்போம். ஒரு பிரெஞ்சு நூற்பாலைக்கு அமெரிக்கப் பஞ்சு வருகிறது. அந்தப் பஞ்சு ஆலைக்கு இலவசமன்று. ஆலை முதலாளி தம் நாட்டு நாணயமாகிய பிராங்கில் முழு விலையையும் கட்ட வேண்டும். அமெரிக்க வியாபாரிக்கு உரிய டாலரை அமெரிக்க அரசாங்கம் கொடுத்துவிடும். ஆலை கட்டிய பிராங்கு பிரெஞ்சு அரசாங்கத்தின் தனிக்கணக்கு ஒன்றில் சேரும். அதில் நூற்றுக்கு ஐந்து அமெரிக்கர் செலவுக்கு. மிகுந்த தொண்ணூற்றைந்தை இரு அரசாங்கங்களும் ஒப்பிய காரியங்களுக்குச் செலவிடலாம். ஆக ஒரே பஞ்சுப் பொதி இரண்டு வேலை செய்தது. முதலில் தறிக்கு நூலாயிற்று. அடுத்து அதன் விலைப்பணம் மின்நிலையமாகவும் சுரங்கமாகவும் ஆயிற்று. பிரான்ஸ் அந்நிதியைத் தன் புனரமைப்புத் திட்டத்தில் முதலிட்டது. பிரிட்டன் பெரும்பாலும் அரசாங்கக் கடனைத் தீர்க்கச் செலவிட்டது. கடன் தீர்ப்பது குற்றமன்று. ஆயினும் பிரான்ஸ் செய்ததே மேல் என்பது எம் கருத்து.

ஜெர்மனி இன்னும் ஒரு படி சென்றது. 1948-இல் பிராங்பர்ட் நகரில் புனரமைப்புக் கடன் நிலையம் என்ற பெயரில் ஒரு வங்கியை நிறுவி, இந்த நிதியைச் செலவழிக்காமல் கடனாகக் கொடுத்தது. கடன் வட்டியோடு திரும்பியதும் மற்றொருவருக்குக் கொடுத்தது. 1953-ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கைப்படி, தான் பெற்றதில் சுமார் 100 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்பி, 1971-இல் கட்டி முடித்தது. அப்படியும் மூலதனம் கரையவில்லை. தலைமுறைகள் கடந்த பின்பும் அந்தத் தனி நிதி சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கடன் வழங்கி வருகிறது.

நாடுகளிடையே நடந்த வரவு செலவிலும் ஓர் ஏற்பாடு வந்தது. யுத்தத்துக்குப் பின் ஒவ்வொரு ஐரோப்பிய நாடும் மற்றொன்றுடன் தனிக்கணக்கு வைத்திருந்தது. பெல்ஜியத்துக்கு விற்று ஈட்டியதை இத்தாலியில் செலவிட முடியாது. 1950-இல் அமைந்த ஐரோப்பியப் பட்டுவாடா யூனியன், மாதந்தோறும் எல்லார் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிக் கழித்து, எஞ்சிய நிலுவையை மட்டும் தீர்க்கச் செய்தது. நிலுவையில் ஒரு பகுதிக்குக் கடன், ஒரு பகுதிக்குத் தங்கம் அல்லது டாலர். இதற்கு அமெரிக்கா கொடுத்த முதல் 35 கோடி டாலர். 1958 முடிய அது நடந்தது. கோபுரம் போலக் கண்ணில் படாத காரியமாயினும், திட்டத்தின் மிகச் சிறந்த பணி இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

தானம் செய்தவரின் கை முற்றும் தூயதோ எனக் கேட்பின், இல்லை. அனுப்பும் சரக்கில் பாதியை அமெரிக்கக் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. கம்யூனிஸம் பரவுமென்ற அச்சம் இராவிடில் அமெரிக்க காங்கிரஸ் இவ்வளவு பணத்துக்கு இசைந்திராது. மற்றொன்றும் உண்டு: உதவி பெற்றுவந்த நெதர்லாந்து, அதே காலத்தில் இந்தோனேஷியாவின் விடுதலையை அடக்கப் படை நடத்தியது. ஆசிய நாடுகள் கொதித்தெழுந்தன. 1948 டிசம்பரில் டச்சுப் படை மீண்டும் தாக்கிய பிறகே, அந்தத் தீவுகளுக்கென ஒதுக்கிய உதவியை அமெரிக்கா நிறுத்தியது. நெதர்லாந்துக்கு நேரே போகும் தொகையும் நிற்கக்கூடும் என்ற நெருக்கம் 1949-இல் டச்சுக்காரரைப் பேச்சு மேடைக்குத் தள்ளியவற்றுள் ஒன்று. உதவி தரும் கை ஒரு கடிவாளமும் பிடித்திருக்கிறது. அக்கடிவாளம் சில வேளை நல்ல திசையிலும் இழுக்கும்.

ஐரோப்பாவை எழுப்பியது டாலர் மட்டுமே என்று சொல்வாரும் உளர். உதவித் தொகை பெற்ற நாடுகளின் வருமானத்தில் நூற்றுக்குச் சில பங்குகளே என்றும், உற்பத்தி 1947-க்கு முன்பே ஏறத் தொடங்கியது என்றும் வரலாற்றாசிரியர் பலர் காட்டியுள்ளனர். 1951-இல் அந்நாடுகளின் தொழில் உற்பத்தி 1938-ஐவிட மூன்றில் ஒரு பங்கு மிகுந்திருந்தது. பாடுபட்டவர் அந்நாட்டு மக்கள். வாங்க இயலாத பஞ்சையும் தீவனத்தையும் உரத்தையும் உரிய நேரத்தில் கொணர்ந்ததே திட்டத்தின் பங்கு.

நம் இயக்கத்துக்கும் அந்த ஜெர்மானிய நிதிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சென்னை மாகாணத்து அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன், கிராமக் கடன் பற்றி 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கையில், ஜெர்மனியில் ரெய்பைசன் தொடங்கிய சங்கங்களையே நமக்கு வழியாகக் காட்டினார். அந்த வழியில் எழுந்த கூட்டுறவு வங்கிகள் ஜெர்மனியின் சிற்றூர்களில் இன்றும் நடக்கின்றன. பிராங்பர்ட் வங்கி கடன் கேட்பவருக்கு நேரே பணம் கொடுப்பதில்லை. உள்ளூர் வங்கி விண்ணப்பத்தைப் பார்த்து, ஆளை அறிந்து, பணத்தை வழங்குகிறது. 1948-இல் கோதுமைக்கும் பஞ்சுக்கும் விலையாகச் சேர்ந்த பணத்தின் வழிவந்த நிதி, அந்த ரெய்பைசன் வங்கிகளின் மேஜை வழியாகவும் ஒரு தச்சருக்கோ ரொட்டிக் கடைக்காரருக்கோ போய்ச் சேர்கிறது.