பிள்ளையின் கையில் செல்போன்: எப்போது கொடுக்கலாம்?



பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்கள் அதிகம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததே. மொக்கு விரியுமுன் பறித்து சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஆகையால் பூப் பறிக்கும் தாய்மார் விடியுமுன்னே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்குப் போகவேண்டும். இப்படிப்பட்ட ஒரு தாய், "ஏழாவது படிக்கற புள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் குடுக்கலாங்களா, டாக்டரம்மா?" என்று கேட்டால், அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளை பஸ் ஏறிவிட்டதா என்று தோட்டத்திலிருந்து அறிய அவளுக்கு வேறு வழி ஏது?

ஆனால் அவள் கேட்பது என்ன என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு வேண்டியது பேசுவதற்கு ஒரு கருவி. அதற்குப் பட்டன் போன் போதும். கடைக்குப் போனால் டச் போனைக் காட்டுகிறார்கள். பிள்ளையும் அதையே கேட்கிறது. பேசுவதற்கென்று வாங்கப் போனவர்கள் சினிமா, விளையாட்டு, கடைத்தெரு, முன்பின் தெரியாத மனிதர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இவை இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால்தான் குழப்பமே.

நம் கிராமங்களில் பல பிள்ளைகளின் கைக்கு டச் போன் வந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். கல்வித் தொலைக்காட்சி ஒருபுறம் இருந்தாலும், வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்ததால் அப்பாவின் போன் பிள்ளையின் போன் ஆயிற்று. பாடத்திற்காக வந்த போன் பள்ளி திறந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. பிள்ளை தயாரா என்று யாரும் கேட்க நேரமே இருக்கவில்லை. அதற்காக எந்தப் பெற்றோரையும் குறை சொல்லவும் கூடாது.

இந்தியக் கிராமங்களில் பிரதம் நிறுவனம் 2024-ல் எடுத்த 'அசர்' கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரியும். அதற்கு முந்தின வாரத்தில் படிப்புக்காக அதை உபயோகித்தவர்கள் 57 சதவீதம். சமூக வலைத்தளங்களுக்காக உபயோகித்தவர்கள் 76 சதவீதம். சமூக வலைத்தளங்களை உபயோகித்தவர்களில் தொந்தரவு செய்கிறவரைத் தடுக்க, அதாவது 'பிளாக்' செய்ய, அறிந்திருந்தவர்கள் 62 சதவீதமே. மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியும், தாழ்ப்பாள் போடத் தெரியாது.

அப்படியானால் எத்தனை வயதில் கொடுக்கலாம்? வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் 13 வயது ஆகவேண்டும் என்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. நம் நாட்டில் 18 வயது ஆகாதவருக்கு சிம் கார்டு விற்பதில்லை. பிள்ளையின் கையிலுள்ள சிம் பெரியவர் ஒருவரின் பெயரில்தான் இருக்கும். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று எந்தத் தாய்க்கும் தெரியும். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவருகிறதா? டிவியை நிறுத்து என்றால் சற்று முனகிவிட்டு நிறுத்துகிறதா, வீட்டையே இரண்டாக்குகிறதா? பெற்றோரின் எண் மனப்பாடமாகத் தெரியுமா? இவற்றைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி பெற்றோரைப் பற்றியது. இதையே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏதாவது தவறு நேர்ந்தால் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லுமா? ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத ஒருவன் அவளுடைய படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். படிப்பையும் நிறுத்தி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்களோ என்ற பயமும் உண்டு. ஆகவே அவள் வாய் திறப்பதில்லை. மிரட்டுகிறவனுக்குப் பலம் அந்தப் படத்தில் இல்லை, அவளுடைய பயத்தில்தான் இருக்கிறது. "என்ன நடந்தாலும் என்னிடம் சொல், உன்னை அடிக்கமாட்டேன், பள்ளியை நிறுத்தமாட்டேன்" என்று தகப்பன் சொல்லி, பிள்ளை அதை நம்பும் வீட்டில்தான் டச் போனுக்கு இடம் உண்டு. மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மகளுக்கு மறுப்பதும் பாதுகாப்பு ஆகாது. அவள் தோழியின் போனில், யார் கண்ணிலும் படாமல் பார்ப்பாள்.

இப்படிப்பட்ட மிரட்டல் வந்தால் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவையே சாட்சி. பணமும் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றத்தில் பணம் இழந்தால் 1930. இரண்டிற்கும் கட்டணமில்லை.

என் அபிப்பிராயத்தில், எட்டாம் வகுப்பு வரை பட்டன் போன் போதுமானது. அதன் பிறகு வீட்டிற்குப் பொதுவாக ஒரு டச் போன், கூடத்தில் வைத்து உபயோகிக்கலாம். சொந்தமாக ஒன்று பத்தாவது முடிந்தபின் யோசிக்கலாம். வேறு டாக்டர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். ஆனால் இரவைப் பற்றி விட்டுக்கொடுக்க இடமில்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. போர்வைக்குள் போன் ஒளிரும்போது முதலில் குறைவது இதுவே. காலையில் தலைவலி என்று வரும் பிள்ளையிடம் கண்ணைச் சோதிப்பதோடு, இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்றும் கேட்கவேண்டும்.

ஆகவே இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். அப்பாவின் போனும் அங்கேதான். (இந்த இடத்தில்தான் வழக்கமாகத் தகப்பன்மார் முகம் மாறும்.) பணம் அனுப்பும் ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். போன் வாங்கும் அன்றே, பிளாக் செய்வது எப்படி என்று இருவரும் சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையையே கற்றுத்தரச் சொல்லுங்கள். அதற்கும் தெரியாவிட்டால், கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சிம்மைப் போடுங்கள்.