நண்டுக்கும் நங்கூரத்துக்கும் ஒரே வினை

‘கனடாவில் இருக்கும் அண்ணனுக்குக் கோல் எடுத்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், விடத்தல்தீவுப் பக்கத்துப் பிள்ளை முதலில் தேடுவது ‘டேக்’கைத்தான். ‘எடு’ என்றால் ‘டேக்’ என்றுதானே சொற்பட்டியல் சொல்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘டேக் எ கோல்’ என்றால், வந்த அழைப்பை ஏற்றுப் பேசுவது. அழைத்தது தம்பி, படிக்கிறவருக்கோ அழைத்தது அண்ணன். நாமாக அழைப்பதற்கு அங்கே உள்ள வினை ‘மேக்’. இந்தச் சிக்கல் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. சிங்களத்திலும் ‘கோல் எகக் கன்னவா’ என்பார்கள், ‘கன்னவா’வும் ‘எடு’தான். அதனால் இலங்கைக்குள் ‘டேக் எ கோல்’ என்றால் பெரும்பாலும் யாரும் குழம்ப மாட்டார்கள். கடல் கடந்தால்தான் வில்லங்கம்.

ஆங்கிலம் படிக்கிறவர்கள் நீளமான சொற்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை ‘டேக்’, ‘கெட்’, ‘மேக்’, ‘புட்’, ‘ரன்’ போன்ற பொடிச் சொற்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதிக்காக ‘ரன்’ என்ற சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவருக்கு, அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. இத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

ஏனென்றால் இதே வித்தையைத் தமிழும் காட்டுகிறது. காய்ச்சலுக்குக் குளிசை போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், சட்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சத்தமும் போடுகிறோம். இந்த ‘போடு’களில் எதிலும் எதையும் கீழே போடுவதில்லை. ‘போடு’ பெயருக்குத்தான் நிற்கிறது. பொருளைச் சுமப்பது அதற்கு முன்னால் வரும் சொல். ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த ஐந்தும் நான்கு வழியில் பிரியும்: குளிசைக்கு ‘டேக்’, தேநீருக்கு ‘மேக்’, சட்டைக்கு ‘புட் ஆன்’, கணக்குக்கு ‘டூ’, சத்தத்துக்கு மறுபடியும் ‘மேக்’. ஆகவே ‘போடு’வுக்கு ஆங்கிலம் என்ன என்று கேட்பதே பிழையான கேள்வி. குளிசையோடு எது சேரும் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

கடலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். விடத்தல்தீவு பெயரில்தான் தீவு. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியை ஒட்டி, பெருநிலக் கரையில் இருக்கும் ஊர். கண்டல் காடும் ஆழமில்லாக் கடலும் உள்ள இந்தக் கரையில் நண்டும் இறாலும் பிழைப்பு. இங்கே ‘வலை போடுறது’ என்று ஒரே வாயில் சொல்வதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கும். வீச்சுவலையைக் கையால் விசிறி எறிந்தால் ‘காஸ்ட்’. நண்டு வலையைக் கடலடியில் படிய விட்டுவிட்டுப் பிறகு போய் எடுப்பதென்றால் ‘செட்’. கண்டலையும் கடலையும் ஆராய வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால், அவர்கள் குறிப்பேட்டில் வேறொரு தொழிலே பதிவாகிவிடும்.

நங்கூரம் போடுவது ‘டிராப்’. அதை எடுப்பதற்கு வரும் சொல்தான் வேடிக்கையானது: ‘வெய்’. வாடியில் தராசில் வைத்து நண்டை நிறுக்கிறார்களே, அதே ‘வெய்’. நங்கூரத்தை யார் நிறுத்துப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குச் சுமப்பது, தூக்குவது என்றும் பொருள் இருந்தது. தூக்கிப் பார்த்துத்தானே எடை அறிய வேண்டும். தமிழில் ‘தூக்கு’ என்பதற்கும் உயர்த்துவது, நிறுப்பது என்ற இரு பொருளும் உண்டு.

வினைகளைக் குறைத்துவிட்டால் ஆங்கிலம் எளிதாகிவிடும் என்று நம்பியவர் சி. கே. ஆக்டன். 1930இல் அவர் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலிஷ்’ திட்டத்தில் மொத்தச் சொற்கள் 850, வினைகள் வெறும் 18. மற்ற வினைகளின் வேலையை ‘கெட்’டும் ‘புட்’டும் ‘கோ’வும் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ என்ற ஒட்டுகளோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும். சர்ச்சில்கூட இதை ஆதரித்தார். கணக்கு அழகானதுதான், ஆனால் ‘புட் அப்’புக்கும் ‘புட் அப் வித்’துக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த 850 காட்டாது. முதலாவது எதையாவது நிமிர்த்தி வைப்பது, இரண்டாவது சகித்துக்கொள்வது.

1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஏ. எஸ். ஹார்ன்பி வேறு வழி பிடித்தார். ஒரு வினை எந்தச் சொல்லை எந்த வரிசையில் தன்னோடு கூட்டிக்கொள்ளும் என்பதை வகைப்படுத்தி, 1942இல் தோக்கியோவில் அகராதியாக வெளியிட்டார். இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியின் மூலம் அதுதான். நமக்குப் பொருந்துவது ஹார்ன்பியின் வழிதான். ‘எனக்கு விளக்குங்கோ’ என்பதை அப்படியே ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்று எழுதுகிறோம். அந்த வினை நடுவில் ‘டு’ இல்லாமல் ‘மீ’யைச் சேர்க்காது. ‘அதைப் பற்றிக் கதைத்தோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது.

எல்லா வேறுபாட்டையும் பிழை என்று அடிக்கவும் முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்க இலங்கையர் ‘கெட் டவுன்’ என்பார்கள். லண்டனில் அது ‘கெட் ஆஃப்’, காரிலிருந்து என்றால் ‘கெட் அவுட்’. இலங்கை ஆங்கிலத்துக்கென்றே மைக்கேல் மெய்லர் 2007இல் ஓர் அகராதி வெளியிட்டார். அந்த அளவுக்கு இந்த ஆங்கிலத்துக்கு ஒரு தனிப்போக்கு உண்டு. இங்கே ‘கெட் டவுன்’னுக்கு வெளியூரிலிருந்து வரவழைப்பது என்ற பொருளும் இருக்கிறது. ஜப்பானிலிருந்து படகு இஞ்சினை ‘கெட் டவுன்’ செய்தோம் என்றால் கொழும்பு வியாபாரி அடுத்ததாக விலையைத்தான் கேட்பார். இங்கிலாந்துக்காரர் இஞ்சினை எந்தத் தட்டிலிருந்து இறக்கினீர்கள் என்று கேட்கக்கூடும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைத் தாளில் ‘இம்போர்ட்’ என்று எழுதிவிடுவது பத்திரம்.